லிசியின் நம்பர்

சனிக்கிழமை காலை. ரோசரி இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் சகாயமேரி எட்டு மணிக்கு முன்னால் கீழே இறங்கி வருகிறவள் இல்லை. வந்தால் எதையோ மனசில் வைத்துக்கொண்டுதான் வருவாள். ரோசரி அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

பிரவீன்ராஜ் வேலைக்குப் போகிற சட்டையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். எதிரில் மகள் ஜென்சி. இந்த ஜூனில்தான் அவளை டவுனில் இருக்கும் பெரிய ஸ்கூலில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிற வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

“இன்னிக்குப் புள்ளைக்குப் போன் வாங்கப் போறீங்களாமே?” என்று கேட்டுக்கொண்டே சகாயமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆமாக்கா. ரோசரி கூட்டிட்டுப் போறா.”

“என்ன போனு?”

பிரவீன்ராஜ் சமையலறைப் பக்கம் பார்த்தான். ரோசரி வெளியே வந்தாள்.

“பட்டன் போன்தாங்க அண்ணி. பேசறதுக்கு மட்டும். டச் போன் கொண்டு வந்தா ஸ்கூல்ல புடுங்கி வச்சுக்குவாங்களாம். பட்டன் போன்னா ஒரு தடவை சார்ஜ் போட்டா நாலஞ்சு நாள் நிக்கும். பஸ் ஸ்டாண்டுல எவனும் கண்ணு வைக்க மாட்டான்.”

“வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளைங்ககூட டச் போன் வச்சிருக்கு. நம்ம புள்ள பட்டனை அமுக்கிக்கிட்டு நிக்கணுமா? காசுதான் கணக்குன்னா சொல்லு, நான் வாங்கித் தர்றேன். எங்க வீட்டுக்காரர் மஸ்கட்லேர்ந்து எதுக்கு அனுப்பறாரு?”

“காசும் ஒரு கணக்குதாங்க அண்ணி. சின்னப் புள்ள, எங்கயாவது வச்சிட்டு வந்துடுவா. தொலைச்சிட்டு வந்தா நாமளும் திட்டாம இருக்கணும், அவளும் பயப்படாம வந்து சொல்லணும். அந்த வெலையில இருந்தா போதும்னு பாக்கறேன்.”

“என்ன சொன்னாலும் ஒரு பதில் வச்சிருக்கே நீ…” சகாயமேரி ஜென்சியின் தலையைத் தடவினாள். “பெத்தவ இருந்திருந்தா புள்ள ஆசைப்பட்டதை வாங்கிக் குடுத்திருப்பா. நான் வேற என்னத்தச் சொல்ல?”

ஜென்சி இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

பிரவீன்ராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். இந்த மாதிரி நேரங்களில் அவன் எழுந்து போய்விடுவது வழக்கம்தான். “அக்கா, நீயும் கூடப் போயேன். ரெண்டு பேருமாப் பாத்து நல்லதா வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.

ரோசரி மறுபடி சமையலறைக்குள் போனாள். இந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் தாரமாக வந்து நாலு வருஷம் ஆகிறது. ‘பெத்தவ இருந்திருந்தா’ என்பதை எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் அதுதான், ஜென்சிக்குச் சளி பிடித்தாலும் அதுதான். சகாயமேரி மேல் அவளுக்கு முழுக் கோபமும் வந்ததில்லை. ஜென்சியைப் பெற்ற லிசி, சகாயமேரியோடு ஒன்றாகக் கல்லூரியில் படித்தவள். தம்பிக்குக் கட்டிவைத்ததே சகாயமேரிதான். மூளைக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் லிசி போய்ச் சேர்ந்தபோது, ஆறு வயசுப் பிள்ளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவளும் அவள்தான். அவளுக்கும் பிள்ளை இல்லை. அப்படி வளர்த்ததை ஒருநாள் புதிதாக வந்தவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் ரோசரிக்குப் புரிந்தது. புரிந்தாலும் வலிக்காமல் இருப்பதில்லை.

போன் வாங்குகிற பேச்சு வந்ததே போன செவ்வாய்க்கிழமை நடந்ததால்தான். அன்றைக்குக் காவிரிப் பாலத்தில் லாரி ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. ஸ்ரீரங்கம் பக்கம் பஸ்ஸே போகவில்லை. ஸ்கூல் விட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த ஜென்சி, மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள். இருட்டுகிற நேரத்தில் பிரவீன்ராஜ் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடி, ஒரு பூக்கடை ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தான்.

“யார்கிட்டயாவது போன் கேட்டு அப்பாவுக்குப் பண்ணியிருக்கலாம்ல?” என்று அவன் வீட்டுக்கு வந்து கேட்டான்.

“பூக்காரம்மா போன்ல பண்ணினேன். யாரும் எடுக்கல.”

பிரவீன்ராஜ் தன் போனை எடுத்துப் பார்த்தான். அப்படி எந்த அழைப்பும் வரவில்லை. பயத்தில் நம்பரை மாற்றிப் போட்டிருப்பாள் என்று விட்டுவிட்டான். ஜென்சியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரோசரி விடவில்லை. எல்லோரும் டிவி முன்னால் இருந்தபோது உள்ளறைக்குப் போய், பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் இருந்த பழைய போன் ஒன்றை எடுத்து ஆன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. போன் அணைந்திருந்தபோது தெரியாத ஒரு நம்பரிலிருந்து மறுபடி மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. சாயங்காலம், மழை பெய்த நேரம்.

அது லிசியின் போன். லிசியின் நம்பர். ஜென்சிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

ரோசரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைக் கதவு வரைக்கும் போனாள். துவைக்கிற கல் மேல் ஜென்சி உட்கார்ந்திருந்தாள். காதில் பிரவீன்ராஜின் போன். “அம்மா, எனக்கு முன்பல்லு விழுந்துடுச்சும்மா. அத்தை அதைக் கூரை மேல எறிஞ்சிட்டாங்க…” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் யார் இருப்பார்கள்? போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். ரோசரி துணியை எடுக்காமலே சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் அந்தப் பழைய போனைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தபோதுதான், லிசி உயிரோடு இருந்தபோது போட்ட ஒரு வருஷ ரீசார்ஜ் முடியப் போவது தெரிந்தது. முடிந்து கொஞ்ச நாளில் கம்பெனிக்காரன் அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான். பிறகு ஒருநாள் இந்தக் குழந்தை பல் விழுந்த கதையையோ பரீட்சைக் கதையையோ சொல்வதற்காகப் போட்டால், எவனோ ஒருத்தன் எடுத்து, ‘யாரு வேணும்?’ என்பான்.

பிரவீன்ராஜிடம் சொல்லலாமென்றுதான் அந்தப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அவன் முகம் மாறிவிட்டது. “அதை எங்கயாவது கண்ணுக்குப் படாம தூக்கிப் போட்டுடு ரோசரி… பாத்தா என்னால முடியல,” என்றான். அவள் மேலே பேசவில்லை. பேசினால் குழந்தை ஒளிந்து செய்வதையும் சொல்ல வேண்டியிருக்கும். அது அந்தக் குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது. சித்தியாக வந்தவள் அதில் கை வைப்பது சரியில்லை என்று பட்டது. தானே ரீசார்ஜ் செய்தாள். அன்றிலிருந்து முடிய முடியச் செய்துகொண்டே வருகிறாள்.

ஜென்சி வளர வளர அந்தப் பழக்கத்தை விட்டிருப்பாள் என்று எண்ணியிருந்தாள். செவ்வாய்க்கிழமை மழையில் நின்ற பிள்ளை அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். தான் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த நம்பர், தேவைப்பட்ட அன்றைக்குப் பதில் சொல்லாமல் பீரோவுக்குள் கிடந்திருக்கிறது.

‘இவளுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்துடலாங்க’ என்று அன்றைக்கே பிரவீன்ராஜிடம் சொன்னது அதனால்தான்.

*

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், ஜூஸ் கடைக்கும் பேக் கடைக்கும் நடுவில் இருந்தது இம்தியாஸின் மொபைல் கடை. ரோசரி ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்து ஏஜென்சி ஆபீஸில் பில் போடுகிறவள். வேலை விஷயமாக டவுனுக்கு வரும்போதெல்லாம் இங்கேதான் ரீசார்ஜ் செய்வாள்.

“வாங்கக்கா. பாப்பாவுக்கா?” இம்தியாஸ் கேட்டுவிட்டு மூன்று பட்டன் போன்களைக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தான். “இது ரொம்பச் சீப்பு, ஆனா பட்டன் சீக்கிரம் தேய்ஞ்சிடும். இதுல ஸ்பீக்கர் நல்லாருக்கும், பஸ் சத்தத்துலயும் கேக்கும். இது கொஞ்சம் வெலை கூட. டார்ச், ரேடியோ எல்லாம் இருக்கு. ஆனா ஸ்கூல் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு?”

“இன்டர்நெட் வருமா இதுல?” ரோசரி நடுவில் இருந்ததைக் கையில் எடுத்தாள்.

“வராதுக்கா. பேசலாம், மெசேஜ் பண்ணலாம். அவ்வளவுதான்.”

“ஒரே பட்டனை அமுக்கினா வீட்டுக்குப் போற மாதிரி வைக்கலாமா?”

“வச்சுத் தர்றேன். ஒண்ணை அமுக்கிப் பிடிச்சா அப்பா, ரெண்டை அமுக்கிப் பிடிச்சா நீங்க.”

சகாயமேரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் கண் கண்ணாடிக்குள் இருந்த டச் போன்கள் மேல் இருந்தது. ஜென்சியின் கண்ணும் அங்கேதான் போய்விட்டு வந்தது.

“ஜென்சிம்மா, உனக்கு எது புடிச்சிருக்கு? சித்தி சொன்னாங்கன்னு பாக்காத. வெளிப்படையா சொல்லு.”

ஜென்சி ரோசரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நடுவில் இருந்த நீலப் பட்டன் போனைத் தொட்டு, “இதுவே போதும் அத்தை,” என்றாள்.

“பாத்தியா, பாத்தியா… புள்ள எப்படிப் பயந்து பதில் சொல்லுதுன்னு!” சகாயமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பயம் இல்ல அத்தை…”

ரோசரி அந்த நீலப் போனுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தாள். சிம் கார்டை அப்பா பேரில் வாங்குவதென்றால் அவர் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும் என்றான் இம்தியாஸ். திங்கட்கிழமை வரச் சொன்னான். பில்லைக் கிழித்துக் கொடுத்தவன், சட்டென்று ஞாபகம் வந்தவனாக, “அக்கா, உங்களோட அந்த இன்னொரு நம்பருக்கு இந்த வாரத்தோட முடியுது. இப்பவே போட்டுடவா?” என்றான்.

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டான்.

“அப்புறம் வரேன் தம்பி,” என்று சொல்லி ரோசரி பையை மூடினாள்.

சகாயமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னொரு நம்பரா? உனக்கு எதுக்கு இன்னொரு நம்பர்?”

“வீட்டுல போய்ச் சொல்றேங்க அண்ணி.”

பஸ்ஸில் சகாயமேரி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜென்சி நடுவில் உட்கார்ந்து போன் டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை அரை நாள் வேலை. அவர்கள் வீடு திரும்பியபோது பிரவீன்ராஜ் வந்து கைலி மாற்றிக்கொண்டிருந்தான். தன் போனை மேஜை மேல் வைத்துவிட்டு, “என்ன, வாங்கியாச்சா?” என்று சிரித்தான்.

“வாங்கியாச்சு. அது இருக்கட்டும். உன் பொண்டாட்டிக்கு இன்னொரு நம்பர் இருக்காமே, உனக்குத் தெரியுமா?” என்றாள் சகாயமேரி.

“ஆபீஸ் நம்பரா இருக்கும்கா.”

“ஆபீஸ் நம்பருக்கு இவ ஏன் சொந்தக் காசைப் போடணும்? கடைக்காரன் வாயால கேட்டேன். நாலு வருஷமா இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாம ஒரு நம்பர்! கேட்டா பதில் இல்ல. நீயே கேளு.”

“ரோசரி?”

ரோசரி கூடத்து நடுவில் நின்றாள். ஜென்சி அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைப் பார்த்தாள்.

“இருக்குங்க. தப்பான நம்பர் இல்ல. ஜென்சி கொஞ்ச நேரம் மாடிக்குப் போகட்டும். சொல்றேன்.”

“புள்ள காதுல விழக் கூடாத அளவுக்கு அப்படி என்ன நம்பர் அது?” சகாயமேரியின் கண்ணில் தண்ணீர் நின்றது. “எங்க லிசி இருந்த வீடு தம்பி இது… அவ போனப்ப என் கையைப் புடிச்சிக்கிட்டு, புள்ளையைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனா. இப்படி ஒருத்திகிட்டயா நான் அந்தப் புள்ளையைக் குடுத்தேன்…”

“அக்கா, நீ சும்மா இரு,” என்ற பிரவீன்ராஜ் மனைவியைப் பார்த்தான். “சொல்லேன் ரோசரி. மறைக்க என்ன இருக்கு?”

அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது ரோசரிக்குத் தெரிந்தது. இத்தனை நாள் நாத்தனார் பேசியதெல்லாம் சேர்ந்தும் இந்த அளவுக்கு வலித்ததில்லை. அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எண்ணி உள்ளறைக்குப் போனாள். பீரோவைத் திறந்தாள். பழைய போனை ஆன் செய்து, அது தயாராகும் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவனின் நம்பரை அழுத்தினாள்.

கூடத்தில் மேஜை மேல் இருந்த போன் அடித்தது.

பிரவீன்ராஜ் எட்டுவதற்குள் சகாயமேரி அதை எடுத்துவிட்டாள். “இதோ பாரு, அந்த நம்பர்லேர்ந்துதான் போல. யாருன்னு…”

பாதியில் நின்றுவிட்டாள். திரையில் லிசி என்று இருந்தது. அந்தப் பெயருக்கு மேலே, வேளாங்கண்ணிக் கடற்கரையில் காற்றில் தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள் லிசி. அந்தப் பெயரையும் படத்தையும் பிரவீன்ராஜால் அழிக்க முடிந்ததில்லை.

ஜென்சி எட்டிப் பார்த்தாள். “அம்மா போன்,” என்றாள் மெதுவாக.

மணி அடித்து ஓய்ந்தது. ரோசரி கையில் அந்தப் போனோடு உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

“இதுதாங்க அந்த நம்பர். லிசிக்கா நம்பர். நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்க. என்னால முடியல. நம்பர் போயிடக் கூடாதேன்னு ரீசார்ஜ் போட்டுக்கிட்டு வந்தேன்.”

“எதுக்கு?” பிரவீன்ராஜ் அவள் கையிலிருந்த போனையே பார்த்தான். “எதுக்கு ரோசரி?”

ரோசரி ஜென்சியைப் பார்த்தாள். அப்போதும் அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. “சும்மாதாங்க… இருக்கட்டும்னு தோணுச்சு.”

“சும்மா இல்ல,” என்றாள் ஜென்சி. அவளுக்கு உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. “நான்தான்ப்பா அதுக்குப் போன் பண்ணுவேன். பண்ணி அம்மாகிட்டப் பேசுவேன். அன்னிக்கு மழையிலயும் அதுக்குத்தான் பண்ணினேன். எனக்கு வேற நம்பர் தெரியாது.” ரோசரியின் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா சித்தி? எல்லாம் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்தீங்களா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் மாடிக்கு ஓடிவிட்டாள்.

சகாயமேரி நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் தம்பியின் போன். திரை இருண்டுபோயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “நான் மறந்துட்டேனே… அவகூட தெனமும் பேசின நம்பரு. என் போன்லேர்ந்து நான் அழிச்சிட்டேனே ரோசரி. நீ அவ முகத்தைக்கூட நேர்ல பாத்ததில்ல…”

“அண்ணி, ஒண்ணு சொல்றேன்,” என்றாள் ரோசரி. “நாலு வருஷமா பெத்தவ இருந்திருந்தான்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அவங்க இருந்திருந்தா எனக்கு இந்த வீட்டுல இடமே இல்லங்கறது எனக்குத் தெரியாதா? தஞ்சாவூர்ல நல்ல வேலையில இருந்தேன். வேண்டாம்னு விட்டுட்டு, ஒரு புள்ளையைப் பாத்துக்கணும்னுதான் வந்தேன். அவங்க இடத்துல வந்து உக்காரணும்னு நான் ஒருநாளும் நெனைச்சதில்ல. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்னுதான் இதைச் செஞ்சேன். நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா இப்படி ஒருத்திகிட்டயா புள்ளையைக் குடுத்தேன்னு இன்னிக்குச் சொன்னீங்களே… அதை மட்டும் இனிமே சொல்லாதீங்க.”

பிரவீன்ராஜ் அவள் பக்கத்தில் வந்தான். “நானும்தான் கேட்டுட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது,” என்றான். அவள் கையிலிருந்த பழைய போனை வாங்கவில்லை. அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

சகாயமேரி வந்து ரோசரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “என்னை மன்னிச்சிடுடி…” என்றாள். ரோசரிக்கு உடனே அவளை அணைத்துக்கொள்ள வரவில்லை. பிறகு கை தானாக உயர்ந்து அவள் முதுகைத் தட்டியது.

“போய் மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க அண்ணி. சோறு ஆறிடுச்சு. ரசத்தைச் சூடு பண்றேன்.”

*

அன்றைக்கு முழுக்க ஜென்சி ரோசரியோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலப்புதூர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனபோதும் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ரோசரி விட்டுவிட்டாள். கோபம் இருக்கத்தான் செய்யும். ஒளித்து வைத்திருந்ததை ஊரறியச் செய்தாகிவிட்டது.

சாயங்காலம் ரோசரி டீ போட்டுக்கொண்டிருந்தபோது ஜென்சி சமையலறைக்குள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“நான் பேசினதெல்லாம் கேட்டீங்களா சித்தி?”

“இல்லம்மா. ஒரே ஒரு தடவை. துணி எடுக்க வந்தேன், காதுல விழுந்துச்சு. உடனே போயிட்டேன்.”

“என்ன பேசிக்கிட்டிருந்தேன்?”

“பல்லு விழுந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தே.”

ஜென்சி லேசாகச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. “அம்மா எடுக்க மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். நான் ஒண்ணும் லூசு இல்ல.”

“தெரியும்டா.”

“அன்னிக்கு மழையிலதான் ரொம்பப் பயமாயிடுச்சு. கை தானா அதையே போட்டுடுச்சு.”

ரோசரி அடுப்பை அணைத்தாள். இரண்டு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொல்ல இதுதான் நேரம் என்று பட்டது. “நாளைக்கு அப்பாவோட போய் சிம் வாங்கணும். புது நம்பர் எதுக்கு, லிசிக்கா சிம்மையே உன் போன்ல போட்டுக்கிறியா? அது உன் அம்மா நம்பர். உனக்குத்தான் சேரணும். அதுக்காகத்தான் வச்சிருந்தேன்னு நெனைக்கிறேன்.”

ஜென்சி யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். “எனக்கு வேணாம்.”

“சரிடா,” என்றாள் ரோசரி. முகம் சுண்டியதைக் காட்டாமல் டம்ளர்களை எடுக்கத் திரும்பினாள்.

“நான் அந்த நம்பருக்குப் போன் பண்ணணும் சித்தி. அது என்கிட்டயே இருந்தா எப்படிப் பண்றது?”

ரோசரி திரும்பிப் பார்த்தாள்.

“உங்க போன்ல போட்டுக்கங்க. ரெண்டு சிம் போடலாம்ல உங்க போன்ல? நான் பண்ணினா நீங்க எடுங்க.”

சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள். ரோசரி கையிலிருந்த டம்ளரை மேடையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளை இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாளும் அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்ததில்லை. டீ ஏடு கட்டி ஆறிப்போனது. கேட்டுக்கொண்டே வந்த சகாயமேரி வாசலோடு நின்று, சத்தம் போடாமல் திரும்பி மாடி ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்று பேருமாக இம்தியாஸ் கடைக்குப் போனார்கள். ஜென்சியின் நீலப் போனுக்குப் புது சிம் வாங்கினார்கள். லிசியின் சிம் ரீசார்ஜ் ஆகி, ரோசரியின் போனில் இரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்தது. முதல் பட்டனுக்கு அப்பா என்று வைத்தான் இம்தியாஸ். இரண்டாவது பட்டனில் லிசியின் நம்பரைப் போட்டுவிட்டு, என்ன பேர் என்று அவன் கேட்டபோது ஜென்சி போனை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தேடித் தேடி ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று அடித்தாள்.

வெளியே வந்ததும் பிரவீன்ராஜ் தயங்கினான். “நீ அந்த சிம்லேர்ந்து பண்ணினா எனக்கு லிசின்னுதான் காட்டும். பேரை மாத்திடவா?”

“வேணாங்க. அவங்க பேரும் படமும் அப்படியே இருக்கட்டும். நான் என் பழைய நம்பர்லேர்ந்தே உங்களுக்குப் பண்றேன்.”

மறுநாள் சாயங்காலம் ரோசரி ஆபீஸில் கடைசி பில்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேஜை மேல் இருந்த போன் அடித்தது. இரண்டாவது சிம். ஜென்சி என்று காட்டியது. அவள் அவசரமாக எடுத்தாள்.

“என்னம்மா? பஸ் வரலையா?”

“பஸ் ஏறிட்டேன் சித்தி. சீட்டும் கெடைச்சிடுச்சு.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணுமில்ல. எடுக்கறீங்களான்னு பாத்தேன்.”

“எடுத்துட்டேன்ல.”

“ம்…” கொஞ்ச நேரம் பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஜென்சி சொல்ல ஆரம்பித்தாள். “சித்தி, இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்க…”

ரோசரி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “சொல்லு, எத்தனை மார்க்?” என்றாள். பஸ் பாலத்தைத் தாண்டி, மாம்பழச்சாலையைத் தாண்டி, ஸ்ரீரங்கம் வந்து நிற்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை பேசிக்கொண்டே வந்தாள்.